காது உடைந்த சிங்கத்தின் கீழ்

செவ்வாயும் வியாழனும் பிற்பகல் இரண்டு மணிக்கு, லண்டனில், குட்மேய்ஸில் என் அக்கா வீட்டு வரவேற்பறையில் ஒரு கொலை நடக்கும். மூன்று மணி பத்து நிமிடத்துக்குள் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். அதன் பிறகு அக்கா தேநீர் கொண்டுவருவாள்.

பழைய படங்களை மட்டும் காட்டுகிற ஒரு சானல் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காக இந்த நாட்டில் அவசர அவசரமாக எடுத்துத் தள்ளிய சின்ன மர்மப் படங்கள் அதில் வரும். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒன்றேகால் மணிநேரத்தைத் தாண்டாதவை. அத்தான் முப்பது வருடம் ஒரு பெற்றோல் நிலையத்தை நடத்தி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற நாளிலிருந்து இந்தப் படங்களுக்கு அடிமை. நான் அவருக்குத் துணை. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பன்னிரண்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்து மற்றவர்களின் பிழைகளைத் திருத்தியவன் நான். பிழைகள் நிறைந்த எதையும் அலுப்பில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியும்.

இந்தப் படங்களில் பிழைகளுக்குக் குறைவில்லை. கதவை அறைந்து சாத்தினால் சுவர் ஆடும். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தேம்ஸ் நதி துணியில் வரைந்தது. காற்றடித்தால் நதி சுருங்கும். செட் முடிந்துபோகிற இடத்தில் மூடுபனி தொடங்கும். பனியின் தடிப்பைப் பார்த்தே தயாரிப்பாளரின் வறுமையை அளந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை ஒரு சீமாட்டி மாடிப்படியில் உருண்டு விழுந்து செத்தால், வியாழக்கிழமை வேறொரு படத்தில் அதே நடிகை அதே படியில் வேலைக்காரியாகத் தட்டு ஏந்தி இறங்குவாள். "யார் கொலைகாரன் என்று எனக்குத் தெரியும், நேரில் வந்து சொல்கிறேன்" என்று தொலைபேசியில் சொல்பவன் நேரில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. குண்டு விழுந்து இடிந்த தெருக்களைக்கூட விடவில்லை. அங்கேயே துரத்தல் காட்சிகளை எடுத்துவிட்டார்கள். இடிபாட்டை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்த எங்கள் ஆட்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் விமானம் ஏறினோம்.

எங்கள் நிறத்தவர்களும் அந்தப் படங்களில் வருவார்கள். அவர்களுக்கு இரண்டே வேலைதான்: தட்டு ஏந்துவது, சந்தேகிக்கப்படுவது. கொலை செய்ய விடமாட்டார்கள். கொலைகாரன் கடைசியில் இரண்டு நிமிடம் பேசவேண்டும். அவ்வளவு வசனம் எங்களுக்குக் கிடையாது.

அத்தான் சரியாகப் பத்தாவது நிமிடத்தில் கொலைகாரனை அறிவிப்பார்.

"மச்சான், உந்த டொக்டர்தான். முழியைப் பார்."

"டொக்டர் இப்பத்தான் செத்துப்போனார், அத்தான்."

"அப்ப அவன்ர பெண்சாதி."

குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வரும்: "முப்பது வருசமாப் பெற்றோல் அடிச்சுப்போட்டுக் காசு குடுக்காமல் ஓடினவங்களில ஒருத்தனைப் பிடிக்கேல்ல. உதில கொலைகாரனைப் பிடிக்கிறாராம்."

தொலைக்காட்சிக்கு மேலே, இந்தக் கொலைகள் அனைத்தையும் பார்த்தபடி, அத்தானின் தகப்பனார் தொங்கினார். பெரிய சட்டம் போட்ட படம். தலையில் இங்கிலாந்து வழக்கறிஞர்கள் வைக்கிற வெள்ளை விக், கறுப்பு அங்கி, கழுத்தில் இரண்டு வெள்ளைப் பட்டி. ஒரு கை மரக் கிராதியில். பின்னால் அரச இலச்சினை. அதில் சிங்கத்துக்கு இடது காது உடைந்திருந்தது. அந்தக் காதை நான் நாற்பது வருடத்துக்கு மேலாகக் கவனித்து வந்திருக்கிறேன். படத்தின் அடியில், "பாரிஸ்டர், லண்டன்."

உலகப்போர் முடிந்து சில வருடங்களில் அவர் சட்டம் படிக்கக் கப்பலேறி லண்டன் வந்தார். ஆறு வருடம் இருந்தார். யாழ்ப்பாணம் திரும்பினார். திரும்பிய பிறகு ஒருநாள்கூட நீதிமன்றம் போகவில்லை. அதற்குக் காரணம் மூன்று. உள்ளூர் நீதவானுக்குத் தலைவணங்க அவருக்கு மனமில்லை, தொண்டையில் நோய், பொய்யருக்காக வாதாடமாட்டேன் என்று தாய்க்குச் சத்தியம் செய்திருந்தார். மூன்றையும் ஒரே வீட்டில், ஒரே பின்னேரத்தில், மூன்று பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு பெறும்வரை ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தார். ஆனாலும் கேற்றில் "பாரிஸ்டர்" என்றுதான் பலகை. வேலிச் சண்டைக்காரர்கள் இரண்டு பக்கமும் வருவார்கள். இருவரையும் அந்தப் படத்தின் கீழ் இருத்துவார். சிறிது நேரத்தில் இருவரும் கூச்சப்பட்டு எழும்பிப் போய்விடுவார்கள். அவர் தீர்ப்புச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. படம்தான் சொன்னது.

அக்காவுக்குச் சம்பந்தம் பேசிய நாளில் எங்கள் அப்பாவும் அந்தப் படத்தின் கீழ் ஒரு கதிரையில் இருந்தார். தபால் கந்தோரில் எழுதுவினைஞர். அரை மணிநேரம் கதிரையின் நுனியில் இருந்தார், ஒருமுறையும் சாயவில்லை. பக்கத்தில் இருந்த நான் அதை மறக்கவில்லை.

அத்தானின் தகப்பனார் உயிரோடு இருந்தால் இந்த வருடம் அவருக்கு நூறு வயது. அத்தான் இல்ஃபோர்டில் ஒரு மண்டபம் எடுத்தார். சனிக்கிழமை பிற்பகல் விழா. அட்டையில் இந்தப் படத்தோடு ஒரு நூற்றாண்டு மலர். படத்தின் பெரிய பிரதி ஒன்று, அவர் படிப்பித்த பள்ளிக்கூட மண்டபத்தில் மாட்டுவதற்காக யாழ்ப்பாணம் போக இருந்தது. மலருக்குப் பிழைதிருத்தும் வேலை என்னுடையது. எங்கள் ஆட்களிடம் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவுப் புத்தகம் அடிப்பது வழக்கம். அதில் செத்தவர் யாரும் சாதாரணமானவராக இருந்ததில்லை. நூறாவது வருடத்துக்கு அடிக்கும்போது அந்த ஆள் இன்னும் வளர்ந்திருப்பார். ஏழு வாழ்த்துச் செய்திகள் வந்திருந்தன. ஐந்தில் "சட்டத்துறையின் சிகரம்" என்று இருந்தது. எழுதிய எவரும் அவரை நீதிமன்றத்தில் கண்டதில்லை. நீதிமன்றமும் அவரைக் கண்டதில்லை.

அட்டைப்படத்துக்கான விளக்கம்: "லண்டன் உயர்நீதிமன்றத்தில் வாதாடியவேளை."

பழக்கதோஷம். கேட்டுவிட்டேன். "அத்தான், இஞ்ச கோர்ட்டுக்குள்ள படம் எடுக்க விடமாட்டாங்கள். சட்டமே இருக்கு."

"அப்பாவுக்கு விட்டிருப்பாங்கள்."

"பாரிஸ்டர் சேர்ட்டிபிக்கெற் ஏதும் இருக்கோ? உள்ள ஒரு பக்கத்தில போடலாம்."

"சண்டையில வீட்டோட எரிஞ்சு போச்செண்டு உனக்குத் தெரியாதே?"

தெரியும். எங்கள் ஊரில் போரில் எரிந்துபோன சான்றிதழ்கள் அத்தனையும் உண்மையாகவே வழங்கப்பட்டிருந்தால், உலகப் பல்கலைக்கழகங்கள் லீவில்லாமல் வேலை செய்திருக்கவேண்டும். சில உண்மையாகவே எரிந்தன. அதுதான் மற்றவர்களுக்கு வசதி. ஆனால் அந்த வீட்டிலிருந்து அத்தானின் தாய், சட்டம் போட்ட இந்தப் பெரிய படத்தைச் சேலையில் சுற்றிக் கொண்டு ஓடியிருந்தாள். படத்தைத் தூக்கிய கை ஒரு கடுதாசியை ஏன் தூக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அக்கா அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.

விழாவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை வழக்கம்போல இரண்டு மணிக்குக் கொலை நடந்தது. ஒரு செல்வந்தரின் மனைவி பாலில் நஞ்சு குடித்துச் செத்தாள். அத்தான் பத்தாவது நிமிடத்தில் தோட்டக்காரனைக் குற்றவாளியாக்கினார். ஐம்பதாவது நிமிடத்தில் நீதிமன்றம் வந்தது. மலிவான நீதிமன்றம். பன்னிரண்டு பேர் இருக்கவேண்டிய ஜூரியில் ஒன்பது பேர். மிச்சம் மூவரைத் தூண் மறைக்கிறது என்று நாங்கள் நம்பவேண்டும். நீதிபதியின் தலைக்கு மேலே அரச இலச்சினை.

சிங்கத்துக்கு இடது காது இல்லை.

நான் தொலைக்காட்சிக்கு மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன். மறுபடியும் மேலே பார்த்தேன். அப்போது கேமரா, எதிர்த்தரப்பு வக்கீலைத் தேடிப் போகும் வழியில், பின்வரிசையைக் கடந்தது. பின்வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக, சற்றுப் பெரிதான ஒரு விக்குக்குக் கீழே, கிராதியில் ஒரு கையை வைத்தபடி, அவர் இருந்தார். நான்கு நொடி.

தேநீரோடு நேரத்துக்கு முந்தி வந்துவிட்ட அக்கா வாசலில் நின்றாள். "இஞ்சாருங்கோ, உது மாமாவெல்லே!"

படம் ஓடியது. கொலை செய்தவர் பைப் புகைக்கிற குடும்ப வக்கீல். யாரும் அடிக்காமல், மிரட்டாமல், அவரே எழுந்து இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். எல்லாரும் தொப்பி போட்டுக்கொண்டார்கள். முடிவு இசை தொடங்குவதற்கு முன் அத்தான் சத்தத்தை நிறுத்தினார்.

"மச்சான், நீ பேப்பர்க்காரன். ஒளிக்காமல் சொல்லு. உது அப்பாவோ?"

அந்த நேரத்தில் கதிரை நுனியில் இருந்த எங்கள் அப்பாவை நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இந்தக் கேள்விக்காக நான் நாற்பது வருடம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பதில் எதிர்பார்த்த அளவுக்கு இனிக்கவில்லை.

"ஓம் அத்தான். சிங்கத்தின்ர காதைப் பாருங்கோ."

அவர் எழுந்து படத்துக்குக் கிட்டப் போய்க் காதைப் பார்த்தார். பிறகு மாடிக்குப் போனார். கவுன்சில் கடிதங்கள் வைக்கிற பிளாஸ்ரிக் பையோடு இறங்கி வந்தார். அதற்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தார். மூன்று வருடத்துக்கு முன், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதற்காகத் தகப்பனாரின் சான்றிதழுக்கு ஒரு பிரதி கேட்டு, அவர் படித்த இடத்துக்கு எழுதியிருக்கிறார். இரண்டு பந்தியில் மரியாதையான பதில். அந்தப் பெயரில் ஒருவர் மாணவராகச் சேர்ந்தது உண்மை. இறுதிப் பரீட்சைக்கு இரண்டு தரம் தோற்றியிருக்கிறார். இரண்டு தரமும் சித்தியடையவில்லை. வழக்கறிஞராகப் பதிவானதற்குச் சான்று இல்லை.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?" அக்கா தட்டை மேசையில் வைத்தாள்.

"அவங்கட பதிவில பிழையெண்டு நினைச்சன். படம் இருக்குத்தானே எண்டு நினைச்சன். பாரிஸ்டர் இல்லாத மனுசன் என்னத்துக்கு உந்த உடுப்பைப் போடுறார் எண்டு நினைச்சன்."

அவரிடம் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தப் படம். நான்கு நொடியில் அதுவும் பிறழ்ந்துவிட்டது. படப்பிடிப்புக்காரர்கள் எடுத்துக்கொடுத்த ஒரு ஸ்டில் அது. பரீட்சையில் தோற்ற மாணவன் ஒருவன் லண்டனில் சாப்பிடுவதற்காகச் செய்த வேலையின் ஞாபகார்த்தம். நீதிமன்றத்தில் அவர் நின்றதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே ஆதாரம், ஒட்டுப்பலகை நீதிமன்றம்.

"திருப்பி விடு," என்றார் அத்தான்.

பின்னுக்கு ஓட்டினேன். ஏழு எட்டுத் தரம் பார்த்தோம். பின்வரிசையில் ஐந்து பேர். முதலாமவர் கொட்டாவியை விழுங்குகிறார். இரண்டாமவர் கேமராவைப் பார்க்கிறார். அதை யாரும் வெட்டவில்லை. நான்காமவர் நகத்தைப் பார்க்கிறார். ஐந்தாமவர் தூங்குகிறார் என்றே நினைக்கிறேன். மூன்றாமவர் மட்டும் முன்னுக்குச் சாய்ந்து, வக்கீல் பேசுவதைக் கேட்கிறார்.

"வாய் அசையுது," என்றாள் அக்கா.

அசைந்தது. வக்கீலின் வசனத்தை அவர் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். ஒத்திகையில் கேட்டுப் பாடமாக்கியிருக்கவேண்டும். அந்தப் படத்தில் தன் வேலையைக் கவனமாகச் செய்த ஒரே ஆள், வேலையே இல்லாத அவர்தான்.

"நான் பிறக்கிறதுக்கு முன்னம்," என்றார் அத்தான். "வீட்டில ஒருநாளும் உப்பிடி இருந்ததில்லை. சுவர்ல இருக்கிற மாதிரித்தான் இருப்பார்."

மலர் மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். நான் என் தொழிலின் திறமையைக் காட்டினேன். "விளக்கத்தை மட்டும் மாத்துவம் அத்தான். 'லண்டனில், இளமையில்'. பொய்யும் இல்லை, ஒண்டும் இல்லை."

அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உதைத்தானே அப்பாவும் செய்தவர், மச்சான். ஒருநாளும் பொய் சொல்லேல்ல. படத்தை மாட்டிப்போட்டுச் சும்மா இருந்தவர்."

பன்னிரண்டு வருடப் பத்திரிகை வேலையில் யாரும் என்னை இவ்வளவு சுருக்கமாகத் திருத்தியதில்லை.

"சனிக்கிழமை மேடையில சொல்லப் போறன்," என்றார்.

"சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனீங்களே?" அக்கா கேட்டாள். "நாப்பது வருசமா நான் பாரிஸ்டர் வீட்டு மருமகள் எண்டு நிமிர்ந்துகொண்டு திரிஞ்சனான். குனிஞ்சு பழக வேணுமே இனி?"

"ரெண்டு பேருமாக் குனிவம்."

அன்று இரவுச் சாப்பாடுவரை இருந்து மலரிலிருந்து "பாரிஸ்டர்" என்ற சொல்லை முப்பத்தொரு இடத்தில் எடுத்தோம். வாழ்த்துச் செய்திகளில் கைவைக்கவில்லை. எழுதியவரின் அனுமதியில்லாமல் அவர் கையொப்பத்துக்கு மேலே திருத்தக்கூடாது என்பது தொழில் ஒழுங்கு. எனவே அவற்றில் ஐந்து பக்கங்களில் அவர் சட்டத்துறையின் சிகரமாகவே இருந்தார். அட்டைப்படத்துக்கு நான் எழுதிய விளக்கம்: "லண்டனில், ஒரு திரைப்படத்தின் நீதிமன்றக் காட்சியில் துணை நடிகராக. பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது." என் வாழ்நாளில் இதைவிடச் சரியான படவிளக்கம் எழுதியதில்லை.

சனிக்கிழமை இல்ஃபோர்ட் மண்டபத்தில் இருநூறு பேர். விளக்கேற்றினார்கள். தேவாரம் பாடினார்கள். முன்னமே அடித்துவிட்ட பதாகை மேடைக்குப் பின்னால் அகலமாகத் தொங்கியது: "பாரிஸ்டர் ஐயா நூற்றாண்டு." அதற்குக் கீழே நின்று அத்தான் பேசினார். முன்வரிசையில் அக்கா, விமானம் மேலெழும்பும்போது பிடிப்பதுபோல, கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட அப்பா பாரிஸ்டர் இல்லை," என்றார். "ரெண்டு தரம் சோதினை எடுத்தவர். ரெண்டு தரமும் பெயில். இந்தப் படத்தில இருக்கிறது சினிமாவுக்குப் போட்ட உடுப்பு. கடிதம் இருக்கு. பாக்க விரும்பினா வந்து பாக்கலாம்."

பிறகு அந்த நான்கு நொடியைத் திரையில் போட்டோம். மூன்று தரம். அத்தானின் காது சிவந்திருந்தது. பின்னால் யாரோ ஒருவர் கைதட்டினார். உடனே இருநூறு பேரும் தட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். நான்கூட ஒரு நிமிடம் எங்கள் சனத்தைப் பற்றி உயர்வாக நினைத்துவிட்டேன்.

அடுத்ததாகப் பழைய மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாத்தீங்களா சபையோரே! இதுதான் பாரிஸ்டர் ஐயாவின்ர வளர்ப்பு. தகப்பனும் தன்னைப் பற்றிப் பெருமை பேசினவரில்லை. மகனும் இல்லை. என்ன ஒரு அடக்கம்!"

மறுபடியும் கைதட்டல், முந்தியதைவிடப் பலமாக.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதானவர் மலரால் விசிறிக்கொண்டிருந்தார். "வெள்ளைக்காரன் லேசுப்பட்டவனே, தம்பி? படமெண்டாலும் அசல் பாரிஸ்டர் ஒருத்தர் வேணுமெண்டு தேடிப் பிடிச்சிருக்கிறான். சும்மா நடிகனுக்கு உந்த விக் போடத் தெரியுமே?"

"ஐயா, அட்டையில எழுதியிருக்கிறதை ஒருக்கால் வாசியுங்கோ."

கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். "துணை நடிகர்... பாத்தியே, அந்தக் கெட்டித்தனமும் இருந்திருக்கு." வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

நான் பார்த்த அத்தனை படத்திலும் ஒப்புதல் வாக்குமூலத்தை யாரும் சந்தேகித்ததில்லை. ஒருவன் "நான்தான்" என்றால் போதும்; தொப்பி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே முழுமையான வாக்குமூலம், எழுத்துமூல ஆதாரம், அசைகிற சான்றுப்பொருள் எல்லாம் இருந்தும் குற்றவாளி விடுதலை. ஜூரியில் ஆள் குறைவு என்றும் சொல்லமுடியாது.

திரும்பும்போது காரில் அக்காதான் முதலில் பேசினாள். "நாலு பேர் என்னட்ட வந்து கையைப் பிடிச்சு, 'பாரிஸ்டர் வீட்டு மருமகளெல்லே' எண்டு சொல்லிப்போட்டுப் போயினம். இப்ப நான் நிமிருறதோ குனியிறதோ?"

அத்தான் சிரித்தார். அன்று முழுதும் அவர் சிரித்தது அப்போதுதான். "நான் சொல்லிப்போட்டன். அவ்வளவுதான் எனக்கு."

யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டிய பிரதியை அவர் அனுப்பவில்லை. வீட்டுப் படத்தை இறக்கவும் இல்லை. "பாரிஸ்டர், லண்டன்" என்ற எழுத்தை மறைத்து, என் விளக்கத்தைத் தட்டச்சடித்து ஒட்டினார். தகப்பனார் இப்போதும் கொலைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார், இடமிருந்து மூன்றாவதாக.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குப் போனேன். ஒரு கப்பல் கம்பனிக்காரனைக் கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். பத்தாவது நிமிடம் வந்தது, போனது. அத்தான் யாரையும் குற்றவாளியாக்கவில்லை. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, பேசுகிறவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் இருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் மேடைக் கூட்டம். உணவகத்தில் அடுத்த மேசை. மூடுபனிக்குள் போகிற முதுகுகள்.

"ஆறு வருசம் இருந்தவர்," என்றார். "ஒரு படத்தோட விட்டிருக்கமாட்டார்."

ஹோட்டல் காட்சி வந்தது. கொலைகாரனும் இன்ஸ்பெக்டரும் முன்னால் இருந்து கதைத்தார்கள். பின்னால், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பரிசாரகன், எங்கள் நிறம், தட்டு ஏந்தியபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நிப்பாட்டு! மச்சான், நிப்பாட்டு. உந்தத் தோளைப் பார்."

"அது வேற யாரோ, அத்தான்."

"பொறு. திரும்பட்டும்."

படத்தை மறுபடி ஓடவிட்டேன். இன்ஸ்பெக்டர் ஏதோ முக்கியமான கேள்வி கேட்டார். எங்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. குசினியிலிருந்து அக்காவும் வந்து நின்றாள்.

அவன் திரும்பவில்லை. தட்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். சுவர் ஆடியது.